ஆணி அடித்த பக்கம்

மண்டி மொஹல்லாவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில், சந்துருவின் பிரஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் லீலா. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தருமபுரிப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவள் படித்தது கன்னடத்தில், பத்தாவது வரைக்கும். தமிழ் எழுத்துகளைப் பத்திரிகைகளைக் கம்போஸ் செய்துதான் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு முதலில் பழக்கமான தமிழ்ச் சொற்கள் எல்லாம் 'நிகழும் மங்களகரமான' என்ற வகையாக இருந்தன.

பிரஸ் வேலையில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட புரூஃபில் ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றமாட்டாள். பிழை என்று தெரிந்தாலும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லி, மறுபடி கையெழுத்து வாங்கித்தான் தொடுவாள். இன்னொன்று சாமி படம். கட்டிங் மெஷினில் சாமியின் ஒரு ஓரமும் வெட்டுப்படக் கூடாது, பத்திரிகையின் மடிப்பு சாமி முகத்தின் மேல் விழக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்தது யாரும் இல்லை. சேர்ந்த முதல் வருஷம், மடிப்பு விழுந்த நானூறு பத்திரிகைகளை ஒரு கல்யாண வீட்டார் கடை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வந்த பாடம்.

நாலைந்து வருஷமாகப் பத்திரிகையைப் போனில் பார்க்கிற மாதிரியும் கேட்கிறார்கள் என்பதால், வெப் பக்கம் செய்யவும் அவளே பழகிக்கொண்டாள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் வரிகளைப் பார்த்து, ஒரு எண்ணை மாற்றுவாள். எது நகர்கிறது என்று கவனிப்பாள். கன்னடத்தில் நோட்டில் எழுதிக்கொள்வாள். அந்த நோட்டு இப்போது மூன்றாவது.

கெம்பையனின் வேலை அவளிடம் வந்தது அப்படித்தான். கெம்பையனுக்கு ஹனூர் பக்கம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மைசூருக்கு வந்து, ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் ஆறு வேன் வைத்திருக்கிறார். யாருக்கு எந்த வேனில் சீட் என்பதைப் போனிலேயே பேசி முடித்துக்கொண்டிருந்தவர். ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டு, இருவரும் 'நீங்கதானே சொன்னீங்க' என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டதில் வெறுத்துப்போய், ஒரு ரெடிமேட் புக்கிங் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டார். இனிமேல் போன் கிடையாது, சைட்டில் போட்டவர்களுக்குத்தான் சீட் என்று ஆறு வேனிலும் எழுதி ஒட்டினார்.

அந்த சைட்டின் லாகின் பக்கம் விற்றவர்களின் நீல நிறத்தில், விற்றவர்களின் சின்னத்தோடு இருந்தது. அது தன் வீட்டு வாசல் மாதிரி இல்லை என்பது கெம்பையனின் குறை. சாஃப்ட்வேரில் லீலா தொடக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். மேலே ஒரு படம், நிறங்கள், பக்கத்தின் தோற்றத்தை மாற்றுகிற அலங்கார வரிகள் எழுத ஒரு கட்டம், லாகின் செய்து உள்ளே போனதும் தெரிகிற அறிவிப்புப் பெட்டி ஒன்று. பூட்டிக்கொண்ட லாகினைத் திறப்பது போன்ற வேலைகள் எதையும் அவளுடைய பாஸ்வேர்டால் செய்ய முடியாது. அவை கெம்பையன் கையில்.

அவர் கேட்டது எளிமையாகத்தான் இருந்தது. முதல் வரியாக 'ஸ்ரீ மலை மாதேஸ்வர பிரசன்ன'. அதன் கீழே புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரர். அதன் பிறகு வேன் சர்வீஸின் பெயர், போன் நம்பர் பெட்டி, பாஸ்வேர்டு பெட்டி, பட்டன். புலியின் வால் நீளமாக வளைந்திருந்தது. வாலைக் குறைக்கக் கூடாது என்றார். படத்தைச் சிறிதாக்கினால் சாமி முகம் தெரியவில்லை என்றார். படத்துக்கே பாதிப் பக்கம் போயிற்று. லீலா அதற்கேற்ப மஞ்சளும் குங்கும நிறமும் கொடுத்து, பெட்டிகளின் ஓரங்களை வளைத்து, எழுத்துகளை இரண்டு முறை அளந்து நடுவில் நிறுத்தினாள். பார்க்க நன்றாகவே இருந்தது. வழக்கம்போல அதைக் கலரில் பிரின்ட் எடுத்தாள்.

கெம்பையன் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்தி. பிறகு போனில் பார்த்தார். விரலால் பக்கத்தைத் தள்ளியதும் அவர் முகம் மாறியது.

"அம்மிணி, தள்ளுனா சாமி மேல போயி தலை வெட்டுப்படுதுங்க. பாருங்க. இது அசையக் கூடாதுங்க."

லீலா பார்த்தாள். திரையின் மேல் ஓரம் கட்டிங் மெஷினின் பிளேடு மாதிரி மாதேஸ்வரரின் கழுத்தில் நின்றது. அவளுக்கே பொறுக்கவில்லை. உட்கார்ந்து, அலங்காரக் கட்டத்தில் நாலைந்து வரி சேர்த்தாள். மேலே, கீழே, இடது, வலது நான்கு ஓரத்தையும் திரையோடு சேர்த்து நிறுத்துகிற வரிகள். பக்கம் நான்கு மூலையிலும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. விரல் எவ்வளவு தள்ளினாலும் அசையவில்லை. தன் போனில் லாகின் செய்து பார்த்தாள், வேலை செய்தது. கெம்பையனின் போன் அவளுடையதைவிடப் பெரியது, அதிலும் வேலை செய்தது. அவர் அந்தப் பிரின்ட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கீழே கையெழுத்துப் போட்டார். லீலா அதை ஃபைலில் வைத்தாள்.

காகிதத்தில் கீபோர்டு எழும்பி வருவதில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி தாண்டியிருக்கும். லீலாவின் அக்கா நாச்சம்மாள் கடைக்கு வந்தாள். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் வேலை செய்பவள். போன மாதம் வரை டவுன் பஸ்ஸில் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். அதில் மூன்று நாள் லேட். நான்காவது முறை லேட்டாக வந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம், மறுபடி வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதனால்தான் கெம்பையனின் வேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட், வேன் ஐந்தரைக்கு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சைட்டில் சீட் போட வேண்டும்.

நாச்சம்மாள் போனை நீட்டினாள். அவளுடைய மகள் பழசாக்கிக் கொடுத்த போன். கையகலம்கூட இருக்காது, ஒரு மூலையில் விரிசல்.

"மூணு தரம் போட்டேன், லாக் ஆயிடுச்சு. நாளைக்கு ஆறரைக்கு மேல வான்னு காட்டுது. நீயே நோடு, என்னன்னு பாரு."

லீலா வாங்கிப் பார்த்தாள். போன் நம்பர் பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு எழும்பித் திரையின் பாதியை மூடியது. மேல் பாதியில் மாதேஸ்வரரும் புலியும். நம்பர் பெட்டியின் மேல் கோடு மட்டும் தெரிந்தது. பாஸ்வேர்டு பெட்டி கீபோர்டுக்கு அடியில் இருந்தது. பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் அடித்த ஆணி.

அக்கா கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் குத்துமதிப்பாக மூன்று முறை பாஸ்வேர்டு அடித்திருக்கிறாள். மூன்று தவறுக்கு இருபத்துநாலு மணி நேரப் பூட்டு. ஆறு மணிக்கு மூடுகிற கதவு அவளுக்கு ஆறரைக்குத்தான் திறக்கும்.

பக்கத்தில் பேப்பர் எண்ணிக்கொண்டிருந்த சந்துரு எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், "வாசல்ல கோலம் போடச் சொன்னா வாசலையே அடைச்சுட்டியேம்மா" என்றார். லீலாவின் காது சிவந்துவிட்டது.

கெம்பையனைப் போனில் பிடித்தாள். படத்தைப் பாதியாக்கலாமா என்று கேட்டாள். சாமி முகம் தெரியாதே என்றார். படத்தைப் பட்டனுக்குக் கீழே வைக்கலாமா? காலடியிலா என்றார். படத்தை வெளிறச் செய்து பெட்டிகளுக்குப் பின்னால் வைக்கலாமா? சாமி மேல் விரல் வைத்துக் குத்துவார்களே என்றார். சரி, ஆணியைப் பிடுங்கி, பக்கம் நகர்கிற மாதிரியாவது விடலாமா என்று கேட்டபோது, தலை வெட்டுப்படும் என்று தொடக்கத்துக்கே வந்து நின்றார். தன் போனில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். இரண்டு பேருக்கு வரவில்லை என்றால் அவர்களுடைய போன்தான் கோளாறாம். அக்காவின் பூட்டையாவது திறந்துவிடுங்கள் என்றாள். காலையில் அமாவாசைக்கு மாதேஸ்வர மலைக்குப் புறப்படுகிறேன், அங்கிருந்து பார்க்கிறேன் என்றார்.

ஒரு சீட்டை மட்டும் பேப்பரில் எழுதிக் கொடுங்கள் அண்ணா என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் ஆறு வேன் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அவளே ஆணிகளைப் பிடுங்கிவிட்டிருக்கலாம். அந்தக் கட்டத்தில் நாலைந்து வரியை அழிப்பதற்கு அரை நிமிஷம் போதும். அவர் மலையில் இருக்கும்போது பார்க்கவும் மாட்டார். ஆனால் ஃபைலில் மஞ்சள் தடவின காகிதம் இருந்தது. கையெழுத்து இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. தன்னுடைய அக்காவுக்காக இப்போது செய்தால், அந்தக் கையெழுத்துக்கு இனி என்ன மரியாதை? இப்படி யோசித்துக்கொண்டே அவள் தன்மேலேயே கோபப்பட்டாள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன போனில் பார்த்திருந்தால் இந்த மரியாதைப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்தாள். நாச்சம்மாள் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய போன் லீலாவிடம் இருந்தது. பக்கத்தின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, சாமியைக் குறைக்காமல், நகர்த்தாமல், வெட்டாமல் ஒரு வழி தேடினாள். பெட்டியைத் தொட்டவுடன் படம் மறைந்து, பெட்டிகள் மேலே வர வேண்டும். விரலை எடுத்தால் படம் திரும்ப வர வேண்டும். இரண்டு வரியில் அது வந்துவிட்டது. நகலை அக்காவின் போனில் திறந்தாள். நம்பர் தெரிந்தது, பாஸ்வேர்டு பெட்டி தெரிந்தது, பட்டனும் தெரிந்தது. லீலா மூச்சு விட்டாள். போனை நீட்டி, அக்காவைப் பட்டனைத் தொடச் சொன்னாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி தொடச் சொன்னாள். மறுபடியும் ஒன்றும் இல்லை. நாச்சம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை அழுத்தினாள். லீலா குனிந்து பார்த்தபோது புரிந்தது. விரல் பட்டனைத் தொட்டதும், பெட்டியை விட்டு விரல் போய்விட்டதாகப் பக்கம் நினைக்கிறது. உடனே மாதேஸ்வரர் திரும்பி வருகிறார். அவர் வந்து உட்கார்ந்ததும் பட்டன் கீழே இறங்கிவிடுகிறது. விரல் வெறும் இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறது.

"பட்டன் என் விரலைக் கண்டு ஓடுது லீலா," என்றாள் நாச்சம்மாள். சிரிக்கவில்லை.

சாமி அரை நொடி தாமதித்து வரட்டும் என்று ஒரு வரி எழுதினாள். படம் மறைவதும் அரை நொடி தாமதமாயிற்று. அதைச் சரிசெய்தால் நம்பரிலிருந்து பாஸ்வேர்டுக்குப் போகும்போது படம் ஒரு மின்னல் மின்னி மறைந்தது. அதைச் சரிசெய்தால் பட்டன் மறுபடி ஓடியது. நோட்டில் அடித்து அடித்து எழுதினாள். ஒரு மணி ஆனபோது எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. அக்காவைப் பத்து முறை அழுத்தச் சொன்னாள், பத்து முறையும் சரி. மலையில் இருந்த கெம்பையனுக்கு ஏழெட்டு முறை அடித்துப் பிடித்து, விஷயத்தை விளக்கினாள்.

அவருக்குப் பின்னால் கூட்டச் சத்தம் கேட்டது.

"தொட்டா சாமி மறைஞ்சு போவாருங்களா?"

"அரை நிமிஷம்தான் அண்ணா. திரும்ப வந்துருவார்."

"அம்மிணி, நா மலை மேல நின்னுட்டு இருக்கறனுங்க. இங்க நின்னுட்டு சாமி மறையட்டும்னு நா எப்படிங்க சொல்றது? வேண்டாமுங்க."

அக்காவின் பூட்டையாவது இப்போதே திறந்துவிடுங்கள் என்று லீலா கேட்டாள். அவள் குரல் அவளை அறியாமல் உயர்ந்திருந்தது. வரிசையில் நிற்கிறேன், தரிசனம் முடித்ததும் முதல் வேலை அதுதான் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மூன்று மணி நேர வேலையை லீலா ஒரு ஓரமாகச் சேமித்து வைத்தாள். அழிக்க மனம் வரவில்லை.

நாச்சம்மாள் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து இருவரும் சாப்பிட்டார்கள். இரண்டு மணி, மூன்று மணி. டவுன் பஸ்ஸில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு ஹெப்பாள் போகலாம் என்று நாச்சம்மாள் ஒரு முறை கணக்குப் போட்டாள். அந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸே கிளம்பியிருக்காது. கணக்கை நிறுத்திவிட்டாள். நாலு மணிக்குத் தங்கையைப் பார்த்து, "விடு, பேஜாரு பண்ணிக்காத" என்றாள். அதுதான் லீலாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேஜாராக இருந்தது. தவறு தன்னுடையது. சமாதானம் சொல்வது அவள்.

நாலே முக்காலுக்குக் கெம்பையன் கூப்பிட்டார். அமாவாசைக் கூட்டத்தில் போன் திருடு போகும் என்று பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டு, பழைய சின்ன போனைத்தான் எடுத்துப் போயிருக்கிறார்.

"அம்மிணி, நம்பர் அடிச்சனுங்க. கீழ இருக்கற பெட்டி எங்கீங்க போச்சு?"

லீலா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "எத்தனை தரம் போட்டீங்க அண்ணா?"

"ரெண்டு தரம் தப்புன்னு வந்துச்சுங்க."

"மூணாவது தொடாதீங்க. தொட்டா உங்களுக்கும் பூட்டிக்கும். அப்புறம் யாரு பூட்டையும் யாராலயும் திறக்க முடியாது."

அவருடைய சைட், அவருடைய சாமி, அவருடைய கையெழுத்து. இனி ஒரு விரல் பிசகினால் அவரே வெளியில். லீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, உங்க ஆறு வேன்லயும் மாதேஸ்வரர் எங்க இருக்கார்? உள்ள, டிரைவருக்கு முன்னாடி. ஏறுற படியிலயா வெச்சிருக்கீங்க? படியில வெச்சா யாரு ஏறுவாங்க? இந்தப் பக்கம் படிதான் அண்ணா. ஏறி உள்ள வந்தப்புறம் ஒரு அறிவிப்புப் பெட்டி இருக்கு. அதுல முழுசா வெக்கறேன். வாலோட."

கெம்பையன் தொண்டையைச் செருமினார். மேளச் சத்தம் ஒன்று நெருங்கி வந்து விலகியது.

"அப்ப சாமியை உள்ள கூட்டிட்டுப் போயிருங்க, அம்மிணி."

"எழுதி அனுப்புங்க அண்ணா. ஒரு வரி."

"இந்த நேரத்துலயுமாங்க?"

"இந்த நேரத்துலதான்."

இரண்டு நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. 'சாமி உள்ள. கெம்பையன்.' லீலா ஆணிகளைப் பிடுங்கினாள். படத்தை எடுத்து அறிவிப்புப் பெட்டியில் வைத்தாள். வாசலில் 'ஸ்ரீ மலை மாதேஸ்வர பிரசன்ன' என்ற வரி மட்டும் நின்றது. அதன் கீழே இரண்டு பெட்டி, ஒரு பட்டன். நாச்சம்மாளின் போனில் கீபோர்டு எழும்பிய பிறகும் எல்லாம் தெரிந்தது. ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் பக்கம் மாறியது. மலையில் நெட்வொர்க் போய்ப் போய் வந்ததில் கெம்பையன் உள்ளே போகும்போது ஐந்து இருபத்தைந்து.

உடனே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பதினோரு பேரு பூட்டிக் கெடக்கறாங்க அம்மிணி. நாலாவது வேன்ல சீட்டெல்லாம் காலியா இருக்கவும், ஆளுங்க லீவு போலன்னு நெனச்சுட்டனுங்க."

எல்லாருக்கும் திறந்துவிட்டார். திறந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. போனில் சீட் பேசமாட்டேன் என்று எழுதி ஒட்டிய மனுஷர், மலைப் படியில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். பதினோராவது ஆள் லீலாவின் பக்கத்திலேயே இருந்தாள்.

நாச்சம்மாள் நம்பரை அடித்தாள். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய அடித்தாள். பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி அது ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடவில்லை. உள்ளே மாதேஸ்வரர் புலியோடு, வாலோடு உட்கார்ந்திருந்தார். நாலாவது வேன், கடைசி வரிசை, ஜன்னல் சீட். மணி ஐந்து முப்பத்தெட்டு.

திங்கள் விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு லீலாவுக்குப் போன் வந்தது. வேன் ஹெப்பாள் கேட் முன்னால் நிற்கிறது, இறங்குகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நாச்சம்மாள் வைத்தாள்.

பத்து மணிக்குக் கெம்பையன் கடைக்கு வந்தார். லட்டுப் பிரசாதத்தை மேஜைமேல் வைத்தார். நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. நேற்றைய கலவரம் நடந்த மாதிரியே முகத்தில் இல்லை. போனை எடுத்துக் காட்டினார். பெரிய போன்.

"வாசல் வெறிச்சுன்னு கெடக்குதுங்க. ரெண்டு பக்கமும் புலி வரி மாதிரி ஏதாச்சும் போட்டா நல்லா இருக்குமுங்க."

லீலா அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இரண்டு ஓரங்களிலும் மெல்லிய வரிகள் போட்டாள். நாச்சம்மாளின் போன் அளவுக்குப் பக்கத்தைச் சுருக்கினாள். கீழ்ப் பாதியின்மேல் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை வரைந்து, அதில் கீபோர்டின் எழுத்துகளை வரிசையாக வைத்தாள். பிரின்ட் எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

கெம்பையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ இது என்னங்க, கருகுன மாதிரி?"

"அது உங்க விரல் வர்ற இடம். அதுக்கு மேல என்ன தெரியுதோ அதுதான் பக்கம். புலி வரி தெரியுதா?"

"பாதிதாங்க தெரியுது."

"பெட்டி ரெண்டும்?"

"தெரியுதுங்க."

"பட்டன்?"

"அதுவும் தெரியுதுங்க." கொஞ்சம் யோசித்தார். "புலி வரியை ஸ்வல்ப மேல ஏத்துனா…"

"கையெழுத்துப் போடுங்க அண்ணா."

போட்டார். சட்டைப் பையிலிருந்து மலையில் கொடுத்த மஞ்சள் பொட்டலத்தை எடுத்து, நான்கு மூலையிலும் தடவினார். கீழே இரண்டு மூலையில் மஞ்சள் கீபோர்டின்மேல் பட்டது. லீலா அதை ஃபைலில், பழைய காகிதத்துக்கு மேலாக வைத்தாள்.